ஃபிட்டர் பயிற்சியை விட்டுவிடலாமா?

இப்போதைக்கு விடாதீர்கள். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) இருக்கிறது, ஐடிஐ-யில் ஃபிட்டர் சேர்ந்து மூன்றே மாதம், காலையில் அரத்தைப் பிடித்தால் விரல் மடங்கவில்லை, மதியம் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் வேலையைவிட, நோய் இன்னும் கட்டுக்குள் வராததுதான் காரணமாக இருக்கும்.

இரண்டு வாரம் ஒன்று செய்யுங்கள். எழுந்த நேரத்தையும், சட்டைப் பொத்தானைச் சிரமமில்லாமல் போட முடிந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். இடைவெளி தினமும் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், அந்தத் தாளோடு மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அதுவரை அரத்தின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்ளுங்கள். பிடி தடித்தால் விரலை இறுக்கி மடக்க வேண்டியதில்லை. ராவுவதையும் அறுப்பதையும் மதியத்துக்குத் தள்ளி, காலையில் அளவெடுப்பு, வரைபடம் என்று தரும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஆனால் மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் அரத்தைத் தொடவே கூடாது. மருந்து மாற்றி நான்கைந்து மாதமாகியும் இதே கதை என்றால் அப்புறம் ஐடிஐ-யிலேயே கோபா (COPA) என்ற கணினிப் படிப்பை யோசிக்கலாம், ஓராண்டுதான். தட்டச்சும் விரலுக்கு வேலைதான், ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.