ஒயர் இழுக்கவா இ.சி.இ. படித்தாள்?

வணக்கம் சார்.

மகள் மூன்றாம் வருடம் முடிக்கப் போகிறாள், கோடிங் வேண்டாம் நெட்வொர்க் பக்கம் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள், "ஒயர் இழுக்கவா இவ்வளவு ஃபீஸ் கட்டினேன்" என்று கேட்டிருந்தீர்கள். ஒயர் இழுப்பவர் வேறு, அது எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர் வேறு.

ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ், 40 கம்ப்யூட்டர் உள்ள லேப், கேமராக்கள். எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் செருகினாலும் ஓடும். ஆனால் லேபில் இருக்கும் பையன் ஃபீஸ் கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் வரை எட்டிப் பார்க்கலாம். அதைப் பிரிக்கத்தான் வி-லேன், அதாவது ஒரே கருவிகளை வைத்தே தனித்தனி நெட்வொர்க்காகப் பிரித்து வைக்கும் முறை. லேப் 140 மீட்டர் தள்ளி இருந்தால் செம்புக் கேபிள் சரிப்படாது, அதன் எல்லை 100 மீட்டர், ஒளி வழியாகத் தகவல் அனுப்பும் ஃபைபர் கேபிள்தான் வேண்டும். கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர்; அதில் கேபிள் செருகும் 24 போர்ட்டும் நிரம்பியிருந்தால் அடுத்த வருடம் வாங்கும் ஸ்மார்ட் போர்டை எங்கே செருகுவது? அப்புறம், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு கம்பெனியிடம் இன்டர்நெட் வாங்குவார்கள். இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் வந்தால் ஒரு ஜே.சி.பி. போதும், மொத்தமும் காலி.

எல்லாமும் ஒரே பட்ஜெட்டில் கிடைக்காது. எது முதலில், எது அப்புறம் என்று வரிசைப்படுத்துவதுதான் டிசைன். இன்டர்நெட்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான டேவிட் கிளார்க் 1988-ல் எழுதிய கட்டுரையில் இன்டர்நெட்டின் நோக்கங்களை அப்படித்தான் அடுக்கினார். வழியில் சில பாகங்கள் செத்தாலும் தகவல் போய்ச்சேர வேண்டும் என்பது மேலே. யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு கடைசியில். ராணுவப் பணத்தில் வளர்ந்ததால் அந்த வரிசை. வியாபாரிகள் கட்டியிருந்தால் கணக்குதான் முதலில் வந்திருக்கும்!

பெரிய கம்பெனிகளும் சறுக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் போல முடங்கியது. பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. சரிசெய்ய வேண்டிய கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்தன. சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை.

சரி, வேலை? எடுத்ததும் டிசைனர் ஆக முடியாது. பெரும்பாலும் நைட் ஷிஃப்டில் திரையைப் பார்த்து, புகார் வந்தால் எடுத்துப் பேசும் வேலைதான் முதலில். சில வருடம் அதில் அடிபட வேண்டும். சிஸ்கோ கம்பெனி நடத்தும் சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் தேர்வை எழுதட்டும், ஆனால் கேள்வி-பதிலை உருப்போட்டு வாங்கும் சான்றிதழ் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்குத் தாங்காது. கம்ப்யூட்டர் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், அதில் தினமும் கட்டிப் பழகட்டும். கோடிங்கிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பக்கம் வருகிறாள் என்றால் மட்டும் யோசியுங்கள். இங்கேயும் இப்போது பைத்தான் என்ற கோடிங் மொழி வேண்டும்.

அதற்கு முன், நான் சொன்ன பள்ளிக்கூடத்துக்கு ஒரு நெட்வொர்க்கைத் தாளில் வரையச் சொல்லுங்கள். வரைந்ததும் ஏதாவது ஒரு கோட்டைப் பேனாவால் அடித்துவிட்டு, "இது அறுந்தால்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை. திரும்ப வரைய உட்காருகிறாளா என்று பார்த்துவிட்டு, அந்தத் தாளோடு இருவரும் வாருங்கள்.