காந்தம் எண்ணிச் சொல்வது

வணக்கம் ஐயா,

புல்மோட்டைக் கறுப்பு மணலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். இல்மனைட் என்ற கனிமத்தை அதிலிருந்து காந்தத்தால் பிரித்தெடுக்கிறார்கள் என்ற இடத்தில் என் தம்பியின் ஞாபகம் வந்தது. அவன் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் ஆராய்ச்சி செய்கிறான். நிக்கல், கோபாற்று போன்றவற்றின் சிக்கற்சேர்வைகளை, அதாவது நடுவில் உலோகமும் சுற்றிலும் வேறு மூலக்கூறுகளோ அயன்களோ நிற்கும் சேர்வைகளை, செய்து அவற்றின் காந்த இயல்பை அளப்பதுதான் வேலை. என்ன கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால், "சோடி சேராத இலத்திரன் எத்தனை என்று பார்க்கிறேன் அக்கா" என்கிறான். அம்மாவுக்குக் கவலை. இவ்வளவு படித்துவிட்டுத் தூளை நிறுத்துக்கொண்டிருக்கிறானே, இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறார். நான் கலைப்பிரிவில் படித்தவள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விளங்கும்படி எழுதுவீர்களா?

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொன்னது சரியான பதில். அதை விரித்துச் சொன்னால் அம்மாவுக்கும் விளங்கும்.

புல்மோட்டையிலிருந்தே தொடங்கலாம், திருகோணமலைக்காரருக்கு அது பக்கத்து ஊர்தானே. அந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. வலுவான காந்தத்தின் அருகே அனுப்பினால் இல்மனைட் இழுபடுகிறது, ரூட்டைலும் சிர்க்கோனும் இழுபடாமல் போகின்றன. இல்மனைட்டிலும் ரூட்டைலிலும் தைத்தானியம் உண்டு. ஆனால் ரூட்டைலில் இருக்கும் தைத்தானியம், காந்த இயல்பு தரக்கூடிய தன் வெளி இலத்திரன்கள் நான்கையும் இழந்துவிட்டது. இல்மனைட்டில் கூடவே இரும்பு இருக்கிறது. அந்த இரும்பு அயன் (இலத்திரன் சிலவற்றை இழந்த அணு) ஒவ்வொன்றையும் ஆறு ஒட்சிசன்கள் சூழ்ந்திருக்கின்றன, அதனிடம் சோடி சேராத இலத்திரன்கள் நான்கு உள்ளன. காந்தம் பிடிப்பது அந்த நான்கைத்தான்.

ஒவ்வொரு இலத்திரனும் மிகச் சிறிய ஒரு காந்தம். இரண்டு சோடி சேர்ந்தால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். உப்பு, சீனி, தண்ணீர் என்று நாம் புழங்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றில் எல்லா இலத்திரன்களும் சோடி சேர்ந்தே இருக்கின்றன. அவற்றைக் காந்தம் இழுக்காது, மிக மெல்லத் தள்ளும். இரும்பு, கோபாற்று, நிக்கல், மங்கனீசு, செம்பு போன்ற தாண்டல் மூலகங்களில்தான் பெரும்பாலும் சோடி சேராத தனி இலத்திரன்கள் மிஞ்சுகின்றன. எத்தனை மிஞ்சும் என்பதை உலோகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த இடம் இதுதான். இரண்டு இலத்திரன்களை இழந்த இரும்பு அயனை எடுங்கள். அதைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் நின்றால் தனி இலத்திரன் நான்கு. தண்ணீரை அகற்றி ஆறு சயனைட்டுகளை (காபனும் நைதரசனும் சேர்ந்த அயன்கள்) வைத்தால் ஒன்றுமே மிஞ்சாது, எல்லாம் சோடி சேர்ந்துவிடும். இரும்பு அதே இரும்பு. சயனைட்டுகள் அதன் இலத்திரன்கள் இருக்கக்கூடிய ஐந்து இடங்களில் இரண்டை மிக உயரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. அவ்வளவு உயரம் ஏறுவதைவிடக் கீழேயுள்ள மூன்றில் சோடி சேர்ந்து இருப்பது இலத்திரன்களுக்குச் சக்தியளவில் இலாபம்.

அம்மா சொல்லும் "தூளை நிறுப்பது" இந்த இடத்தில்தான் வருகிறது. உண்மையிலேயே நிறுக்கத்தான் செய்கிறார்கள். கூய் என்ற பிரெஞ்சுக்காரர் 1889இல் காட்டிய வழி அது. தூளை ஒரு கண்ணாடிக் குழாயில் சீராக அடைத்துத் தராசில் தொங்கவிட்டு, குழாயின் கீழ்முனை காந்தத்தின் இரு முனைகளுக்கும் நடுவில் வரும்படி வைப்பார்கள். காந்தப்புலம் இல்லாமல் ஒரு நிறை, புலத்தோடு ஒரு நிறை. தனி இலத்திரன் இருந்தால் குழாய் கீழே இழுபட்டு நிறை கூடியதுபோலக் காட்டும். அந்த வித்தியாசம் மிகச் சிறியது. தூள் சீராக அடைபடாவிட்டால் கணக்குப் பிழைக்கும். இரும்புக் கரண்டியால் தூளை எடுத்து அதில் ஒரு துகள் ஒட்டிக்கொண்டால் போதும், அளவு முழுக்கக் கெட்டுவிடும். இப்போது இதைவிட நுட்பமான கருவிகள் வந்துவிட்டன, ஆனால் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை.

அந்த நிறை வித்தியாசத்திலிருந்து காந்தத் திருப்பம் என்ற ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். தனி இலத்திரன் ஒன்றென்றால் அது 1.73க்கு அருகில் வரவேண்டும், இரண்டென்றால் 2.83, மூன்றென்றால் 3.87, நான்கென்றால் 4.90, ஐந்தென்றால் 5.92. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறை உடைக்காமல், உருக்காமல், உள்ளே எத்தனை இலத்திரன் தனியாக நிற்கிறது என்று ஒரு தராசு சொல்லிவிடுகிறது. நிக்கலில் இன்னொன்றும் தெரியவரும். நிக்கல் அயனைச் சுற்றி நான்கு பேர் ஒரே தளத்தில் சதுரமாக நின்றால் தனி இலத்திரன் இல்லை, நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகியின் மூலைகளில் நின்றால் இரண்டு உண்டு. ஆகவே மூலக்கூறின் வடிவத்தையே இந்த நிறையிலிருந்து ஊகிக்கலாம்.

இனி அம்மாவின் கேள்வி. யாருக்கு என்ன பயன்?

1845 நவம்பரில் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே உலர்ந்த இரத்தத்தைக் காந்தத்தருகே வைத்துச் சோதித்தார். புதிய, திரவ இரத்தத்தையும் பார்க்கவேண்டும் என்று குறிப்பில் எழுதி வைத்தார். அதை 1936இல் அமெரிக்க இரசாயனவியலாளர்கள் லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கோரியெல்லும் அளந்து பார்த்தார்கள். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும், இரும்பு கொண்ட புரதம் ஈமோகுளோபின். ஒட்சிசனைச் சுமந்திருக்கும்போது அதில் தனி இலத்திரன் ஒன்றுமில்லை. ஒட்சிசனை இறக்கிவிட்ட ஈமோகுளோபினில் ஒவ்வொரு இரும்புக்கும் நான்கு. புல்மோட்டை மணலில் உள்ள இரும்புக்கு இருக்கும் அதே நான்கு! ஒட்சிசன் வந்து சேரும்போது இரும்பைச் சுற்றியுள்ள பிணைப்பே மாறுகிறது என்பது இதனால் தெரிந்தது. 1990இல் யப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவும் கூட்டாளிகளும் இந்த வேறுபாட்டையே பிடித்துக்கொண்டார்கள். ஒட்சிசன் இழந்த இரத்தம் எம்.ஆர்.ஐ. படத்தில் வேறுவிதமாகத் தெரியும் என்று காட்டினார்கள். ஒருவர் பேசும்போதும் கையை அசைக்கும்போதும் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று தலையைத் திறக்காமல் பார்க்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. மூளையில் கட்டியை அகற்றுமுன் பேச்சுக்குரிய இடம் எது என்று அறிய இன்றைக்கு அது உதவுகிறது. 1936இல் குழாயில் இரத்தத்தை நிறுத்தவர்களிடம் பயன் என்ன என்று கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க அவர்களால் முடியாது.

மூலக்கூறுகளையே காந்தமாக்கும் முயற்சியும் நடக்கிறது. பன்னிரண்டு மங்கனீசு அணுக்கள் கொண்ட ஒரு சேர்வையின் தனி மூலக்கூறு ஒவ்வொன்றும் காந்தமாக நிற்கும் என்று 1993இல் காட்டினார்கள், ஆனால் சுழியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரூட்டவேண்டும். வனேடியமும் குரோமியமும் சயனைட்டால் இணைந்த வேறொரு சேர்வை 42 பாகை வரைக்கும் காந்தமாகவே இருந்தது, அது 1995இல். நம்முடைய வெயிலையும் தாங்கும்! இவற்றிலிருந்து நாளைக்கே ஒரு கருவி வரும் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். இரத்தத்தின் கதையைச் சொல்லுங்கள், அது நடந்து முடிந்தது.

வேலை வாய்ப்பைப் பற்றி ஒரு சொல். அளவுக் கருவியை நம்பகமாகக் கையாளத் தெரிந்த பிள்ளைக்கு ஆய்வுகூடங்களில் இடம் உண்டு. நீரைச் சோதிக்கும் இடத்திலும் கனிம மணல் பிரிக்கும் இடத்திலும் அந்தக் கைப்பழக்கம் தேவைப்படுகிறது.

தம்பி அடுத்த லீவுக்கு வீட்டுக்கு வரும்போது எத்தனை இலத்திரன் என்று கேட்காதீர்கள், அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார். கோபாற்றைப் பற்றிக் கேளுங்கள். ஆறு பேர் சூழ நிற்கும், இரண்டு இலத்திரன் இழந்த கோபாற்றில் பெரும்பாலும் தனி இலத்திரன் மூன்றுதான், கணக்குப்படி 3.87 வரவேண்டும். அளந்தால் 4.3க்கும் 5.2க்கும் இடையில் வருகிறது. அது அளவீட்டுப் பிழை அல்ல. இலத்திரன் கருவைச் சுற்றும் இயக்கமும் ஒரு பங்கு காந்தத்தைச் சேர்க்கிறது, சுற்றிலும் நிற்பவர்கள் எவ்வளவு சமச்சீராக நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு கூடும், குறையும். உங்கள் சேர்வையில் எவ்வளவு கூட வந்தது, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், நிறைய நேரம் கதைப்பார்.