வெளிக்கதவு கீபேட் பூட்டு: தேய்ந்த எண்களும் மழைத்தண்ணீரும்

4 பட்டன்களில் மட்டும் எண் அழிந்துவிட்டது, மழை பெய்தால் அழுத்தினாலும் வேலை செய்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் இன்றைக்கே எண்ணை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் உங்கள் ரகசிய எண் 4 இலக்கம்தான் என்றால் அந்தத் தேய்ந்த பட்டன்களை வைத்து வரக்கூடிய வரிசைகள் மொத்தமே 24, யார் வேண்டுமானாலும் நின்ற இடத்தில் முயன்று திறந்துவிடலாம். புதிய எண்ணில் தேயாத பட்டன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் தேய்மானமும் பரவலாகும்.

சரி, மழை விஷயம். பூட்டைக் கழற்றி, கதவை ஒட்டியிருக்கும் ரப்பர் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் தடுக்கும் பட்டை) விரிசல் விட்டோ மடங்கியோ இருக்கிறதா பாருங்கள். அதைச் சரிசெய்த பிறகும் சிலிகான் பூசத் தோன்றினால் மேல்பக்கமும் இரு ஓரங்களும் போதும், அடிப்பக்கத்தை அடைக்கவே அடைக்காதீர்கள், உள்ளே போன தண்ணீர் வடிய வழி வேண்டும் (நிறைய பேர் சுற்றிலும் அடைத்து ஈரத்தை உள்ளேயே நிறுத்திவிடுகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்). மேலே ஒரு சின்ன மூடி போட்டால் வெயிலுக்கும் நல்லது. துடைக்க ஈரத்துணி போதும், தின்னர் வேண்டாம். அப்புறம் பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் சுத்தம் செய்துவிட்டுப் புது பேட்டரி போடுங்கள்.