நினைவு விளையாட்டில் ஜெயிக்கிறார்கள், ஆங்கிலம் வரவில்லையே?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஓண லீவுக்கு முன்னால் விளையாட்டாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று சத்யா (ஓணத்துக்கு இலை போட்டுப் பரிமாறும் விருந்து) ஐட்டங்கள் 20-க்கும் ஜோடி ஜோடியாகப் படக் கார்டு செய்தேன். கவிழ்த்து வைத்து ஜோடி சேர்க்கிறார்கள், ஒரே குஷி. ஆனால் வாயில் வருவது தமிழ், இல்லாவிட்டால் மலையாளம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஆட்டத்தில் வாயே திறக்காமல் ஜெயித்துவிடலாம். கோளாறு அங்கேதான். ஒரே மாதிரி இரண்டு படத்தைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் எதற்கு? கார்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம், விதியை மாற்றுங்கள். முதல் கார்டைத் திருப்பியதும் 'ஐ ஹேவ் எ பனானா', ஜோடி சேர்ந்ததும் 'ஐ ஹேவ் டூ பனானாஸ்'. சொன்னால்தான் ஜோடி கைக்கு வரும். திணறினால் பக்கத்துப் பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கட்டும்; அதற்கு அவுட் கிடையாது.

இன்னொன்று, 40 கார்டு ரொம்ப அதிகம். பெரியவர்களாலேயே ஒரு நேரத்தில் ஏழு விஷயம்போலத்தான் மனதில் நிறுத்த முடியும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையும் நான்காகக் குறைத்துவிட்டார்கள். ஏழு வயசுக்கு ஆறு ஜோடி தாராளம். காளன், புளிசேரி என்ற இரண்டு தயிர்க் குழம்புக் கார்டுகளை எடுத்து வைத்துவிடுங்கள். படத்தில் எனக்கே இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

கார்டைவிட எனக்கு நம்பிக்கை தாம்பாளத்தில்தான். தேங்காய், இஞ்சி, எலுமிச்சை, பச்சை மிளகாய், நேந்திரம்பழம், ஒரு கட்டி வெல்லம். எல்லாம் நிஜப் பொருள். ஒவ்வொன்றையும் கையில் கொடுத்துப் பெயர் சொல்ல வையுங்கள். இஞ்சியை நகத்தால் கீறி மோந்து பார்க்கட்டும். பிறகு துண்டைப் போட்டு மூடி, கண்ணையும் மூடச் சொல்லி, ஒன்றை எடுத்து ஒளியுங்கள். 'வாட்ஸ் மிஸ்ஸிங்?' என்றால் 'த ஜிஞ்சர் இஸ் மிஸ்ஸிங்' என்று முழு வாக்கியமாக வர வேண்டும். எந்த வகுப்பிலும் முந்திக்கொண்டு கத்த இரண்டு சுட்டிகள் இருப்பார்கள். அதனால் விடையை முதலில் பக்கத்துப் பிள்ளையின் காதில் சொல்லட்டும், அப்புறம் நீங்கள் கை காட்டுகிறவர் எழுந்து சொல்லட்டும். சரியாகச் சொன்னவர்தான் அடுத்து ஒளிக்கிறவர். கேள்வி கேட்கும் வேலையும் அவருக்கே. ஆசிரியர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கவே வராது.

இரண்டு நாள் கழித்துச் சங்கிலி ஆட்டம். 'ஆன் மை லீஃப் தேர் இஸ் சம் ரைஸ்' என்று ஒருவர் தொடங்க, அடுத்தவர் அதைச் சொல்லி 'அண்ட் எ பப்படம்' என்று சேர்க்க, மூன்றாமவர் 'அண்ட் சம் பிக்கிள்' என்று நீட்ட வேண்டும். எங்கே 'எ', எங்கே 'சம்' என்பது இலக்கணப் பாடமே நடத்தாமல் நாக்கில் பழகிவிடும். ஒரு வட்டத்துக்கு ஐந்து பேர் போதும். மொத்த வகுப்பையும் ஒரே வட்டமாக உட்கார வைத்தால் கடைசிப் பிள்ளை தன் முறை வருவதற்குள் தூங்கிவிடும்.

பாலக்காட்டுக்குப் பொங்கலுக்கும் உள்ளூர் விடுமுறை உண்டு. அப்போது இதே ஆட்டங்களைக் கரும்பு, மஞ்சள், பச்சரிசி வைத்து ஆடலாம்.

ஓண லீவு முடிந்து வந்ததும் 'வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எல்லா வீட்டிலும் இலை நிறைந்திருக்காது. லீவுக்கு முன் பள்ளியில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட சத்யாவையே நினைவுபடுத்தி, 'வீ ஏட்' என்று தொடங்கிச் சொல்லச் சொல்லுங்கள்.