பதிமூன்று வயதில் ஒரே ஆட்டம்தானா?

கேள்வி: வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் வசிக்கிறோம். எங்கள் 13 வயது மகன் குளிர்காலத்தில் பள்ளிக்காக ஹாக்கியும் கோடையில் கிளப்புக்காக கிரிக்கெட்டும் ஆடுகிறான். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம், கிரிக்கெட் மட்டும் போதும்" என்கிறார் கணவர். மகனோ ஹாக்கியை விடமாட்டேன் என்று அழுகிறான். என்ன செய்வது?

பதில்: இரண்டையும் ஆடட்டும், அம்மா. உங்கள் கணவரிடம் ஜிம்மி கர்க்வுட் பற்றிச் சொல்லுங்கள். 1962இல் பிறந்தவர், உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள லிஸ்பர்ன் வட்டாரத்தின் லிஸ்நகார்வி கிளப்புக்கு ஹாக்கி ஆடியவர். அயர்லாந்தின் ஹாக்கி அணியிலும் ஆடினார், கிரிக்கெட் அணியிலும் ஆடினார். வட அயர்லாந்துக்காரர் என்பதால், 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் ஹாக்கி அணியிலும் இருந்தார். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை 3-2 என்றும், இறுதியில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்றும் வீழ்த்திய அணி அது. கிரிக்கெட் அவருடைய ஹாக்கியைக் கெடுத்துவிடவில்லை.

அங்கே இது நடக்கக் காரணம் பருவம்தான். செப்டம்பரில் ஹாக்கி தொடங்கி வசந்தம் வரை போகும், அது முடியும் நேரத்தில் கிரிக்கெட் வந்துவிடும். கண், மணிக்கட்டு, கால் வேகம் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஹாக்கியில் தாழ்வாக வரும் பந்தைக் குனிந்து அடித்துப் பழகிய பையனுக்கு, கிரிக்கெட்டில் மண்டியிட்டு மட்டையைக் கிடையாக வீசி அடிக்கும் ஸ்வீப் ஷாட் சுலபமாகக் கைவரும்.

இது பழைய காலத்துக் கதை என்று கணவர் சொல்லலாம். எலினா டைஸ் 13 வயதில் அயர்லாந்து மகளிர் கிரிக்கெட் அணியில் ஆடிவிட்டார், உங்கள் மகனின் வயதில்! அவரே 2018இல் லண்டனில் உலகக் கோப்பை ஹாக்கியில் வெள்ளி வென்ற அயர்லாந்து அணியிலும் இருந்தார்.

ஆனால் கணவரின் கவலையிலும் நியாயம் உண்டு. 2017இல் அயர்லாந்துக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தபின் அங்கே கிரிக்கெட் முழுநேரத் தொழிலாகிவிட்டது. 17, 18 வயதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரலாம். அப்போது அவனே முடிவு செய்யட்டும்.

இப்போது கவனிக்க வேண்டியது அவனுடைய கீழ்முதுகைத்தான். ஹாக்கியில் குனிந்தே ஓட வேண்டும், வேகப்பந்து வீசினாலும் சுமை அதே கீழ்முதுகில்தான் இறங்கும். அவன் வேகப்பந்து வீசுபவனா என்று நீங்கள் எழுதவில்லை. வீசுபவன் என்றால், இரண்டு பயிற்சியாளர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். குளிர்காலத்தில் கிரிக்கெட் கிளப் உள்ளரங்க வலைப்பயிற்சிக்குக் கூப்பிடும். ஹாக்கி மேட்ச் உள்ள வாரத்தில் அங்கே பேட்டிங் மட்டும் போதும், பந்துவீச்சு வேண்டாம். ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் இரண்டு வாரமாவது எந்த மட்டையும் தொடாமல் இருக்கட்டும். அப்புறம், முதுகு வலிக்கிறது என்று சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பிவிடாதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.