ஊசிய ஒளிச்சு ஒளிச்சு போடணுமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல மூணு, டைப் ஒன் சுகர் பத்தினது. எனக்கும் அதேதான், 19 வருஷமா. ஆனா நான் டாக்டர் இல்ல, அதனால இன்சுலின் யூனிட் கணக்கெல்லாம் உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க, மத்தத பேசலாம்.

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 27. ரெண்டு மாசத்துல எட்டு கிலோ குறைஞ்சேன், பார்த்தவங்க எல்லாம் என்ன டயட்னு கேட்டாங்க, நானும் பெருமையா சிரிச்சுகிட்டேன். ராத்திரியில நாலஞ்சு தடவை பாத்ரூம், எவ்ளோ குடிச்சாலும் தாகம் அடங்கல. அப்புறம் ஒருநாள் வாந்தி நிக்கவே இல்ல, மூச்சு வாங்குது, தூக்கிட்டு ஓடினாங்க, ஐசியூல வச்சு டைப் ஒன்னு சொன்னாங்க. இது நடந்து மூணு மாசம் ஆச்சு. இப்போ ஆபீஸ் போறேன். அங்க யாருக்கும் தெரியாது, மதியம் பாத்ரூம்ல கதவ சாத்திகிட்டு ஊசி போட்டுட்டு வரேன். வீட்ல அம்மா என் தட்டையே பார்த்துட்டு இருக்காங்க. ஆரம்பத்துல போட்ட அளவுல இப்போ பாதிதான் தேவைப்படுது, பெரியம்மா "பாத்தியா, சரியாயிட்டு வருது, மெதுவா ஊசிய விட்டுடு"ன்னு சொல்றாங்க, எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஆசை. நான் என்ன தப்பு பண்ணேன்னு இது வந்துச்சு? இப்படியே யாருக்கும் தெரியாம காலத்த ஓட்டிட முடியாதாக்கா?

பதில்: தங்கச்சி, அந்த எட்டு கிலோவுக்கு கிடைச்ச பாராட்ட படிச்சதும் எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. நம்ம எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்மா, உடம்பு உள்ள கரைஞ்சுட்டு இருக்கும், வெளிய அழகாயிட்டேன்னு சொல்லுவாங்க.

மொதல்ல பெரியம்மா விஷயம், ஏன்னா அதுதான் ஆபத்து. டோஸ் குறையறது உண்மைதான், அதுக்கு ஹனிமூன் பீரியட்னு பேரு (யாரு வச்ச பேரோ, ஹனிமூனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல). கணையத்துல இன்சுலின் சுரக்குற பீட்டா செல்கள நம்ம எதிர்ப்பு சக்தியே எதிரின்னு நினைச்சு அழிச்சுட்டு வருது, நோய் வெளிய தெரியறப்போ பெரும்பகுதி போயிருக்கும், மிச்சம் கொஞ்சம் ஏறின சுகர்ல திணறி மயங்கி கிடக்கும். வெளியில இருந்து இன்சுலின் போனதும் அந்த மிச்சம் கொஞ்சம் தெளிஞ்சு எழுந்து வேலை பார்க்கும், அவ்ளோதான். சிலருக்கு சில வாரம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல கூட ஓடும். ஆனா அழிவு நிக்கல. நீ ஊசிய நிறுத்தினா திரும்ப அந்த வாந்தி, அந்த மூச்சு வாங்கல், அந்த ஐசியூ. அதுவும் சில சமயம் ஒரே நாள்ல. டாக்டர் சொன்னா டோஸ குறை, நிறுத்தறதுங்கிற பேச்சே வேண்டாம். காய்ச்சல் வந்து ஒண்ணும் சாப்பிட முடியலன்னாலும் நீளமா வேலை செய்யுற அந்த பேசல் இன்சுலின விடக்கூடாது. பலபேரு "சாப்பிடவே இல்லியே, எதுக்கு ஊசி"ன்னு விட்டுட்டுதான் மாட்டிக்கறாங்க. உடம்பு சரியில்லாதப்போ சுகர் 250க்கு மேலயே நின்னா கீட்டோன் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்ப எரிக்கறப்போ சேர்ற அமிலம்) பார்த்துடு, வாந்தி சேர்ந்தா யோசிக்காம கெளம்பிடு.

நீ என்ன தப்பு பண்ண? ஒண்ணும் பண்ணல. இனிப்பு சாப்பிட்டு வர்றது இல்ல இது, அம்மா வளர்ப்புலயும் இல்ல. ஆனா நீ அந்த கேள்விய கேக்குறது வியாதி வந்ததுக்கு மட்டும் இல்லன்னு நினைக்கறேன், தினமும் மீட்டர்ல வர்ற நம்பருக்கும் சேர்த்துதான் கேக்குற. ராத்திரி 120ல படுப்ப, ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட, காலையில 190 நிக்கும். விடியற நேரத்துல கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன்னு என்னென்னமோ சுரந்து கல்லீரல்ல இருந்து சர்க்கரைய ரத்தத்துல கொட்டிவிடும், உனக்கு அதுல என்ன பங்கு? பீரியட்ஸ் நாளு, சளி, பரீட்சை மாதிரி டென்ஷன், ஒரே இடத்துல குத்தி குத்தி கட்டி தட்டிப் போன தோல்ல ஊசி போட்டது, எல்லாமே நம்பர மாத்தும். பொதுவா பெரியவங்களுக்கு டாக்டருங்க சொல்ற இலக்கு என்ன தெரியுமா, ஒரு நாள்ல 70 சதவீத நேரம் சுகர் 70லேர்ந்து 180க்குள்ள இருந்தா போதும்ங்கறாங்க. அப்போ மீதி 30 சதவீதம்? ஏழு மணி நேரத்துக்கு மேல வெளிய சுத்தினாலும் நீ நல்லாத்தான் ஓட்டுறன்னு அர்த்தம். இத எனக்கு யாராவது மொத வருஷமே சொல்லியிருந்தா எத்தனை நாள் அழுகை மிச்சமாகியிருக்கும்.

இப்போ அந்த பாத்ரூம். இதுலதான் நான் உன்கூட சண்டை போடப்போறேன்.

நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் போட்டேன். வெளிச்சம் கம்மி, யாரோ கதவ தட்டுறாங்க, கை நடுங்குது, பையில ரெண்டு இன்சுலின் பேனா (ஊசி போடற கருவி) கெடக்கு. ஒருநாள் ராத்திரி போடவேண்டிய பேசல்னு நினைச்சு அவசரத்துல சாப்பாட்டுக்கு போடுற ஃபாஸ்ட் இன்சுலின அவ்ளோ யூனிட்டையும் ஏத்திட்டேன். ரெண்டும் பேனாதான், ஆனா ஒண்ணு நாள் பூரா மெதுவா வேலை செய்யும், இன்னொண்ணு கால் மணி நேரத்துல ஆரம்பிச்சிடும். அன்னிக்கு ராத்திரி முழுக்க ஜூஸும் மீட்டருமா உக்காந்திருந்தேன், ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுகிட்டே. (அதுக்கப்புறம் ஒரு பேனாவுல ரப்பர் பேண்ட் சுத்தி வச்சிருக்கேன், இருட்டுல தடவினாலே தெரியும், நீயும் பண்ணு.) இன்னொரு நாள் ஊசி போட்டுட்டு வெளிய வந்தா மீட்டிங்குக்கு கூப்பிட்டுட்டாங்க. நான் இப்பதான் இன்சுலின் போட்டேன், சாப்பிடணும்னு சொல்ல முடியல, ஏன்னா அவங்களுக்கு எதுவுமே தெரியாதே. போய் உக்காந்தேன். இருபது நிமிஷத்துல வேர்த்து ஊத்துது, உதடு மரத்துப்போச்சு, யாரோ என்கிட்ட ஏதோ கேக்குறாங்க, நான் சம்பந்தமே இல்லாம பதில் சொல்லிட்டு இருக்கேன். பக்கத்துல இருந்தவங்க நல்ல மனசோட ஒரு கிளாஸ் வெறும் தண்ணி குடுத்தாங்க. சர்க்கரை வேணும்னு சொல்லணும், வார்த்தை வரல. கடைசியில பையில இருந்த குளுக்கோஸ் பாக்கெட்ட என் கையே பழக்கத்துல எடுத்துச்சுன்னுதான் சொல்லணும்.

மூளைக்கு சாப்பாடே குளுக்கோஸ்தான். சுகர் இறங்கி லோ ஆகும்போது மொதல்ல போறது யோசனையும் பேச்சும்தான், அதாவது "எனக்கு லோ ஆயிடுச்சு, இத குடு"ன்னு சொல்றதுக்கு எது வேணுமோ அதுவே அப்போ இருக்காது. லோ ஆனப்புறம் சொல்லிக்கலாம்னு ஒரு திட்டமே கிடையாது. தெம்பா இருக்கறப்பவே சொல்லி வச்சிருக்கணும்.

ஊருக்கே சொல்லச் சொல்லல. ஆபீஸ்ல ரெண்டு பேர் போதும், உன் பக்கத்து சீட்ல இருக்கறவங்க ஒருத்தர், மேனேஜர் ஒருத்தர். பெரிய விளக்கம் வேணாம், மூணு விஷயம் சொல்லு. நான் வேர்த்து நடுங்கி கோணலா பேசினா சுகர் இறங்குதுன்னு அர்த்தம், என் டிராயர்ல குளுக்கோஸ் இருக்கு, அத குடுங்க. சாக்லேட் குடுக்காதீங்க, அதுல கொழுப்பு இருக்கறதால சர்க்கரை ரத்தத்துல ஏற லேட்டாகும். நான் மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வச்சிட்டு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. குளுக்ககான் (சுகர ஏத்துற அவசர மருந்து) உன் டாக்டர் எழுதிக் குடுத்தா அத எப்படி போடறதுன்னும் காட்டி வை. உனக்கு தெரிஞ்ச கணக்குதான், 70க்கு கீழ போனா 15 கிராம் சர்க்கரை, அரை கப் ஜூஸ்லயே வந்துடும், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாரு, ஏறலன்னா திரும்ப 15. ஆனா அந்த கணக்கு உனக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாது.

சொன்னா வேலைய விட்டு தூக்கிடுவாங்களோ, பாவம் பார்ப்பாங்களோன்னு பயம் இருக்கும். ரெண்டு நாளைக்கு பாவமா பார்ப்பாங்க, மூணாவது நாள் ஒருத்தர் வந்து தன் மாமாவுக்கு சுகர் எப்படி சரியாச்சுன்னு வைத்தியம் சொல்லுவாரு, அத கேட்டு தலையாட்டிட்டு விட்டுடு. அதுக்கப்புறம் யாருக்கும் ஞாபகமே இருக்காது, நீ சீட்லயே உக்காந்து சட்டைய லேசா தூக்கி ஊசிய போட்டுட்டு சாப்பிடலாம்.

அம்மாகிட்ட கோபப்படாதம்மா. அவங்களுக்கு தெரிஞ்ச சுகர் எல்லாம் வயசானவங்களுக்கு வர்ற டைப் டூ, அதுல "அத தொடாத, இத தொடாத"ன்னு கேட்டு பழகியிருப்பாங்க. நமக்கு சாப்பாட்டுல இருக்கற மாவுச்சத்த எண்ணி அதுக்கு ஏத்த இன்சுலின் போடறதுதான் முறை. ஒரு வேளை அவங்களையே எண்ணச் சொல்லேன், டாக்டர பார்க்க போகும்போது கூடவே கூட்டிட்டு போ. தட்ட பார்க்கற கண்ணுக்கு வேற ஒரு வேலைய குடு. எந்தெந்த ரூம்ல குளுக்கோஸ் இருக்கு, திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜ்ல ஃபிரீசர் பக்கம் ஒட்டாம இருக்கா, எந்த பேனாவ என்னிக்கு திறந்தோம்னு தேதி எழுதியிருக்கா, இதெல்லாம் அவங்க பொறுப்புன்னு விட்டுடு. எங்க அம்மா இதுல போலீஸ் மாதிரி, எனக்கும் நிம்மதி அவங்களுக்கும் நிம்மதி.

கேள்வி: மேடம், என் பையனுக்கு 14 வயசு. நாலு மாசமா இன்சுலின் போடறான். ஃபுட்பால்னா உயிர். விளையாடினா லோ ஆயிடும்னு நாங்க நிறுத்தி வச்சிருக்கோம், வீட்ல பேசறதையே விட்டுட்டான்.

பதில்: சார், விட்டுடுங்க, விளையாடட்டும். வாசிம் அக்ரமுக்கு 1997ல டைப் ஒன் வந்துச்சு, 2003 உலகக் கோப்பையில அவரு ஒருநாள் போட்டியில 500 விக்கெட்ட தாண்டினாரு. இன்சுலின மொத மொதல்ல போட்டுகிட்ட லியோனார்ட் தாம்சனுக்கும் உங்க பையன் வயசுதான், 1922 ஜனவரியில டொராண்டோல போட்டாங்க. அதுக்கு முன்னாடி இந்த வியாதி வந்த பசங்கள பட்டினி போட்டு கொஞ்ச நாள் கூட வாழ வைக்கறதுதான் வைத்தியமே. இன்னிக்கு மருந்து இருக்கு, மீட்டர் இருக்கு, பையனையும் சும்மா உக்கார வச்சா எப்படி?

விளையாடறதுக்கு முன்னாடி பார்க்கணும், நடுவுல பார்க்கணும், முடிச்சதும் பார்க்கணும். உடம்புலயே ஒட்டி சுகர் பார்க்கற சென்சார் மாட்டியிருந்தா அது காட்டுறது கொஞ்சம் பின்தங்கி வரும், வேகமா இறங்கறப்போ விரல்லயும் குத்தி பார்த்துக்குங்க. பலபேரு கோட்டை விடறது ராத்திரியில. ஓடின தசை காலி பண்ண சர்க்கரைய பல மணி நேரம் கழிச்சும் உறிஞ்சிட்டே இருக்கும், அதனால சாயங்காலம் ஆடினா நடு ராத்திரியில இறங்கலாம். ஆட்டம் இருக்கற நாள் டோஸ் எவ்ளோ குறைக்கணும், படுக்கும்போது என்ன சாப்பிடணும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. கீட்டோன் இருந்தா மட்டும் அன்னிக்கு கிரவுண்டு கிடையாது. கோச்சுக்கு நீங்க சொல்லாதீங்க, பையனே சொல்லட்டும், நீங்க கூட நில்லுங்க.

கேள்வி: இன்சுலின் ஆரம்பிச்சு பத்து நாள் ஆச்சு, கண்ணு திடீர்னு மங்குது, போன்ல எழுத்து தெரியல. கண்ணு போகுதா? கண்ணாடி மாத்தணுமா?

பதில்: இப்போ கண்ணாடி வாங்கி காச வீணாக்காதீங்க. ரொம்ப நாள் ஏறிக் கெடந்த சுகர் சட்டுனு இறங்கும்போது கண்ணு லென்ஸ்ல இருக்கற நீர் அளவு மாறும், ஃபோகஸ் தள்ளிப்போகும். பொதுவா சில வாரத்துல தானா சரியாகும், சுகர் ஒரு நிலைக்கு வந்தப்புறம் பவர் பார்த்துக்கலாம். அது வரைக்கும் பேனாவுல யூனிட் நம்பர வேற யாரையாவது ஒருதடவை பார்க்கச் சொல்லுங்க, வண்டி ஓட்டாதீங்க. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. வலி இருந்தாலோ, ஒரு கண்ணு மட்டும் இருண்டாலோ, கருப்பு புள்ளி மிதந்தாலோ அது வேற விஷயம், அன்னிக்கே கண் டாக்டர பார்த்துடுங்க.