எடையைக் காட்டி ஆபரேஷனை மறுத்தார்கள். கட்டிய பணம் திரும்புமா?

கேள்வி: நான் திருநங்கை, வயது 28. மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் வேலை செய்கிறேன். பாலின உறுதிப்பாட்டு ஆபரேஷனுக்காக (உடலைப் பெண்ணுடலாக மாற்றும் ஆபரேஷன்) மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 60,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். மனநல மருத்துவர் சான்று, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. அட்மிட் ஆன அன்று எடை பார்த்துவிட்டு, "பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 30-க்குக் கீழே வந்தால்தான் செய்வோம்" என்று அனுப்பிவிட்டார்கள். என் உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. பணத்தைக் கேட்டால் திரும்பாது என்கிறார்கள். இது பாகுபாடுதானே? வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, எடையைச் சொல்லி மறுத்தது ஒரு விஷயம், பணத்தைத் தர மறுப்பது வேறு விஷயம். பணத்தைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. எடை விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

உங்கள் பி.எம்.ஐ. 32.6 வருகிறது. 30-க்குக் கீழே வர ஏழரை கிலோ குறைய வேண்டும். எடை கூடினால் மயக்க மருந்து கொடுப்பதில் சிரமம், காயம் ஆறத் தாமதம், காலில் ரத்தம் உறைவது என்று சில ஆபத்துகள் கூடுவது உண்மைதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே சற்று அதிகம். ஆனால் எல்லா ஆபரேஷனுக்கும் ஒரே கணக்கு இல்லை. திருநம்பிகளுக்கு (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்களுக்கு) செய்யும் மார்பு ஆபரேஷனில் எடை கூடியவர்களுக்குக் காயத் தொந்தரவுகள் அதிகம் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, ஆறிவிடுபவை. நீங்கள் கேட்கும் ஆபரேஷனில், பி.எம்.ஐ.க்கும் சிக்கல்களுக்கும் தொடர்பு தென்படவில்லை என்று சொல்லும் ஆய்வும் உண்டு. இத்துறை மருத்துவர்கள் பின்பற்றும் உலக வழிகாட்டி நெறிகளின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பும் இத்தனை பி.எம்.ஐ.க்கு மேல் கூடாது என்று ஒரே எல்லை விதிக்கவில்லை. அதனால் 30 என்பது அந்த மருத்துவமனை தானே வைத்துக்கொண்ட கோடு. அதை வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் உடம்பைப் பார்த்துக் காரணம் சொல்லும் கடமையும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குறட்டை இதையெல்லாம் கேட்டார்களா, தராசை மட்டும் பார்த்தார்களா?

திருநர் உரிமைப் பாதுகாப்புக்காக 2019-இல் வந்த சட்டத்தின் 3-வது பிரிவு, மருத்துவ சேவையை மறுப்பதையும் அதில் நியாயமின்றி நடத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் எடையால் மறுத்தாலே பாகுபாடு ஆகிவிடாது. அதே மருத்துவமனையில் அதே எடையுள்ள ஒரு பெண்ணுக்கு, அவசரமில்லாத கர்ப்பப்பை ஆபரேஷனைத் தயங்காமல் செய்கிறார்களா? செய்தால், உங்களுக்கு மட்டும் இந்தக் கோடு ஏன் என்று கேட்க இடம் இருக்கிறது. உங்களைக் கேவலமாக ஏதாவது பேசியிருந்தால் தேதி, நேரம், பேசியவர் யார் என்பதை இன்றே எழுதி வையுங்கள். எப்படியும், ஆபத்து என்று கருதும் மருத்துவரை கத்தியை எடு என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. கட்டாயத்தில் செய்யும் ஆபரேஷன் உங்களுக்கும் நல்லதல்ல.

பணத்துக்கு வருவோம். காசு வாங்கிக்கொண்டு தரும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. எடை பார்க்க ஒரு நிமிடம் போதும். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதை, அட்வான்ஸ் வாங்கி, பரிசோதனைகளும் முடித்து, அட்மிட் ஆகும் அன்று பார்த்தது சேவைக் குறைபாடு என்பதே என் கருத்து. செய்த பரிசோதனைகளுக்கான தொகையைக் கழிக்கலாம், அதற்குப் பில் தர வேண்டும். மீதியை வைத்துக்கொள்ள அவர்களுக்கு நியாயம் இல்லை. ரசீதில் 'திரும்பத் தரப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் அதோடு கதை முடிந்துவிடாது.

முதலில் உங்கள் மருத்துவ ஆவணங்களின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. மறுத்த காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பணம் வரவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று. "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தால் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாள் மருத்துவரின் அலட்சியத்தை மன்னிக்காது என்றாலும், உங்களை வருடக்கணக்கில் அலைய வைக்கும். தாமதத்தில் மனம் நொந்து, மருத்துவர் அல்லாதவர் கையில் 'நிர்வாணம்' (ஆணுறுப்பை அகற்றும் சடங்கு) செய்துகொள்ளவும் போகாதீர்கள். பட்டினி கிடந்து ஒரு மாதத்தில் எடையைக் குறைப்பதும் காயம் ஆறுவதைக் கெடுக்கும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் திருநங்கை, திருநம்பிகளுக்கான சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கையில் இருக்கும் சான்றுகளோடு அங்கே போய் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். "இந்த எடையில் எனக்கு என்ன ஆபத்து, அதை எப்படிக் குறைப்பது" என்று கேட்டு, மருத்துவர் சொல்வதை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆணையத்தில் மனுப் போடும்போது அந்தச் சீட்டும் உதவும்.